ஏல அறிவிப்புக்கு முன் இருக்கும் நாட்கள்

வீட்டுக் கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றுபோனால், வங்கி அந்தக் கணக்கை வாராக்கடன் பட்டியலில் சேர்த்துவிடும். அங்கிருந்து அந்த வீடு ஏலத்துக்குப் போவது வரையிலான நடைமுறையை 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வகுத்திருக்கிறது. அடமானச் சொத்தை வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்த சட்டம் இது. வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லவும் பணம் கட்டவும் தானே விற்கவும் இடையிடையே சில வாய்ப்புகளை அதே சட்டம் வைத்திருக்கிறது. அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருபவை. திண்டுக்கல் போன்ற ஊரில் இன்னொரு நெருக்கடியும் சேர்கிறது. வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று முடிவு செய்தாலும், வாங்க ஆள் கிடைப்பதற்குள் அந்த நாட்கள் ஓடிவிடுகின்றன.

ஏலத்துக்கு வரும் வீடுகள் எல்லாம் வீடு கட்ட வாங்கிய கடனால் வந்தவை அல்ல. பூட்டுப் பட்டறைக்கும், நாகல் நகரிலும் சின்னாளபட்டியிலும் நடக்கும் ஜவுளித் தொழிலுக்கும், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்கும் வாங்கும் கடனுக்குக் குடியிருக்கும் வீடே ஈடாக நிற்பது வழக்கம். தொழில் சரிந்தால் வீடும் சேர்ந்து போகிறது. திண்டுக்கல்லின் தோல் தொழில் இதற்குப் பழைய உதாரணம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. தவறினால் ஆலையை மூட வேண்டும். சுற்றுச்சூழலுக்கு அவசியமான தீர்ப்புதான். ஆனால் இத்தகைய திருப்பங்களில் தொழிலோடு பிணைத்த வீடுகளின் கதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் பூட்டின் விலையோடு மல்லுக்கட்டும் பட்டறைக்காரரின் தவணையை அந்தக் குறியீடு கட்டிவிடாது.

சம்பளக்காரர் வீடுகளில் காரணம் பெரும்பாலும் வட்டி உயர்வு, வேலை இழப்பு, மருத்துவச் செலவு. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. 20 ஆண்டுகளில் அடைக்க 7 சதவீத வட்டியில் வாங்கிய 20 லட்சம் ரூபாய்க் கடனுக்கு மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால் அதுவே 18,640 ரூபாயைத் தொடும். பல வங்கிகள் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டின. கடன் வாங்கிய புதிதில் இப்படிச் செய்தால், அந்த 15,500 ரூபாய் அம்மாத வட்டிக்கே போதாது; கட்டக் கட்ட அசல் ஏறும். இதைத் தடுக்கத்தான் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்ற தேர்வைக் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சுற்றறிக்கை. தாமதத்துக்கு அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டுமே வாங்கலாம் என்பதும் அதே நாளில் வந்த உத்தரவு.

தவணை தவறியதுமே வங்கியின் கணினி கணக்குக்கு முத்திரை குத்தத் தொடங்கிவிடும். முதல் 30 நாள், அடுத்த 30, அதற்கடுத்த 30 என்று மூன்று எச்சரிக்கைப் படிகள் உண்டு. உதவி கேட்டுப் போக மிகச் சரியான நேரம் இதுதான். கணக்கு வாராக்கடன் ஆகும் முன் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது கிளை மேலாளர் பரிந்துரையில் நடக்கக்கூடிய காரியம். வாராக்கடன் ஆன பிறகு கோப்பு வசூல் பிரிவுக்குப் போய்விடுகிறது. சிறுதொழில் நடத்துவோருக்குக் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. நலிவுறும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களைச் சீரமைக்க மத்திய அரசு 2015 மே 29 அன்று வெளியிட்ட வழிமுறையை வங்கிகள் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தான் அந்த வகைத் தொழில்தான் என்பதை உரிய சான்றோடு உரிய காலத்தில் வங்கியிடம் சொல்லும் பொறுப்பு கடன்தாரருடையது என்பதையும் சேர்த்தே சொன்னது. சிறுதொழில் என்பதற்கான உத்யம் பதிவுச் சான்றை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

இந்தக் கட்டத்தில் பலர் செய்வது வேறு. வங்கித் தவணையைக் கட்ட வெளியில் வட்டிக்கு வாங்குகிறார்கள். அப்படிக் கொடுப்பவர்களில் சிலர் ஈடாகக் கிரய ஒப்பந்தமோ பொது அதிகார ஆவணமோ பதிந்து வாங்கிக்கொள்வதும் உண்டு. பிறகு வீட்டை விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் வங்கிக்குக் கீழே இன்னொரு பெயரும் நிற்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பதிவான ஒப்பந்தத்தை அகற்ற உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும்.

வாராக்கடன் ஆனதும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி நோட்டீஸ் வரும். 60 நாட்களுக்குள் முழுப் பாக்கியையும் கட்டச் சொல்லும் நோட்டீஸ் அது. அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லலாம். வங்கி 15 நாட்களுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் விளைவாகச் சட்டத்தில் ஏறிய உரிமை இது. இந்த நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும். மீறினால் தண்டனை உண்டு. சட்டத்துக்கு வெளியே நிற்கும் கடன்களும் சொத்துகளும் உண்டு. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தால் இந்தச் சட்டம் பாயாது. விவசாய நிலத்தின் மீதும் பாயாது. நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டத்துக்குள் வீடு கட்டியவர்கள் இதை நம்பியிருப்பார்கள். பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் போதாது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியன் வங்கி - பாப்பிரெட்டியார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி.

60 நாள் முடிந்தால் கைப்பற்றல். முதலில் காகிதத்தில் மட்டும். வீட்டின் முகப்பில் ஒரு தாள் ஒட்டப்படும். கடன்தாரர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், பாக்கித் தொகை, சர்வே எண், நான்கு எல்லைகள் எல்லாம் அதில் இருக்கும். 7 நாட்களுக்குள் அதே அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும். ஒன்று தமிழ் நாளிதழ். நான்கு எல்லை எழுதும்போது வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் காலிமனை என்று அக்கம்பக்கத்தார் பெயரும் சேர்ந்து அச்சாகும். ஊருக்கே தெரிந்துபோகிற இடம் இது. வீட்டை விற்கும் பேரம் அன்றோடு கீழே இறங்கத் தொடங்குகிறது. நேரடிக் கைப்பற்றலுக்கு வங்கி 14-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரையோ தலைமைக் குற்றவியல் நடுவரையோ அணுகும்.

நடைமுறையில் வீட்டுக்காரருக்கு அதிகப் பணம் மிஞ்சுவது அவரே விற்கும்போதுதான். 30 லட்சம் பெறுமான வீட்டின் மேல் 22 லட்சம் கடன் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 28 லட்சத்துக்கு விற்றாலும் 6 லட்சம் கையில் இருக்கும். ஓராண்டு இழுத்து, வட்டியும் செலவும் சேர்ந்து பாக்கி 25 லட்சமாகி, ஏலத்தில் 24 லட்சத்துக்குப் போனால் வீடும் போய், ஒரு லட்சம் கடனும் மிச்சம். விற்பதற்கு வழியும் தெளிவாகவே இருக்கிறது. வங்கியிடம் நிலுவைக் கடிதம் வாங்க வேண்டும். வாங்குபவர் கடன் கணக்குக்கு நேராகப் பணம் செலுத்துவார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் கிரயப் பத்திரத்தையும் அடுத்தடுத்துப் பதிய வேண்டும்.

சிக்கல் வாங்குபவர் பக்கம். மூலப் பத்திரங்கள் வங்கியில் இருக்கின்றன. பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பத்திரத்துக்குக் காத்திருக்க அவருக்குத் தயக்கம். அவரும் வங்கிக் கடனில்தான் வாங்குவார் என்றால் இரண்டு வங்கிகள் பேசிக்கொள்ள வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் அவர் தலையில். ஊரைச் சுற்றிய சமவெளியில் அங்கீகாரம் இல்லாத மனைகள் இன்னும் இருக்கின்றன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதி கொண்டுவந்தும் எல்லோரும் செய்துகொள்ளவில்லை. அப்படிப்பட்ட மனையில் நிற்கும் வீட்டுக்குப் புதுக் கடன் கிடைப்பது கடினம், ரொக்கக்காரர்தான் வர வேண்டும். ரொக்கக்காரர் விலையை அவரே சொல்வார். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால், பெண் வாரிசுகள் உட்பட எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். கல்யாணமாகிக் கோவையில் இருக்கும் தங்கையைச் சமாதானப்படுத்திக் கூட்டிவருவதற்குள் 60 நாள் போய்விடும்.

இதற்கெல்லாம் மேலே ஒத்தி. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் மாத வாடகைக்குப் பதில் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து ஒத்திக்குக் குடியிருப்பது சகஜம். கடனில் இருப்பவர் மாடி வீட்டை ஒத்திக்கு விட்டு அந்தப் பணத்தைத் தவணைக்குக் கட்டியிருப்பார். வீட்டை விற்றால் முதலில் ஒத்திப் பணத்தைத் திருப்ப வேண்டும். ஏலம் வரை போனாலோ நட்டம் ஒத்திக்காரருக்கு. அடமானத்துக்குப் பின்னால், வங்கியின் சம்மதமின்றி, பதியாத தாளில் எழுதிய ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்துவது அரிது. இந்த நாடகத்தில் எந்தத் தவறும் செய்யாமல் அதிகம் இழப்பவர் அவர்தான்.

பாக்கி வீட்டின் விலையைத் தாண்டிவிட்டால், மிஞ்சுவது ஒரே தவணையில் தீர்க்கும் சமரசம். வங்கிக்காரர்கள் ஓடிஎஸ் என்பார்கள். அதை உரிமையாகக் கேட்க முடியாது, அது வங்கியின் விருப்பம் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஏலத்தில் வீடு போகாது என்று வங்கிக்கே தெரிந்த இடங்களில் பேச்சுக்கு இடமுண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் இப்படிப் பேசி முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனாலேயே, கட்ட முடியாத தொகைக்கு அங்கே கையெழுத்துப் போடுவது ஆபத்து.

வங்கி விதி மீறியிருந்தால், நடவடிக்கை நடந்த 45 நாட்களுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் இடைக்காலத் தடை பெரும்பாலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்லும் நிபந்தனையோடுதான் வரும். அங்கே தோற்றுச் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போக வேண்டுமானால் கடனில் பாதியைக் கட்ட வேண்டும். தீர்ப்பாயம் மனது வைத்தால் கால் பங்கு வரை குறைக்கலாம். கையில் கால் பங்கு இருக்கிறவர் இந்த நிலைக்கு வருவதே அபூர்வம்.

ஏல அறிவிப்பு பத்திரிகையில் வந்த நாள்தான் எல்லைக் கோடு. முன்பு ஏலம் முடியும் வரையில்கூடப் பணம் கட்டி வீட்டை மீட்க இடம் இருந்தது. 2016-இல் திருத்தப்பட்ட 13(8) பிரிவும், செலிர் - பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023 செப்டம்பர் 21 அன்று வந்த தீர்ப்பும் அதை மாற்றிவிட்டன. அறிவிப்பு வெளியாகும் முன் முழுப் பாக்கியையும் செலவோடு கட்டினால்தான் மீட்கும் உரிமை. வெளியான பிறகு பணத்தோடு போய் நின்றாலும் அது உரிமையாகாது.

மதிப்பீட்டாளர் அறிக்கையை வைத்து அடிப்படை விலை நிர்ணயமாகி, இணையத்தில் ஏலம் நடக்கும். எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியை 15 நாட்களில். பெரு நகரத்தில் முதலீட்டாளர்கள் காத்திருப்பார்கள். சின்னாளபட்டித் தெருவொன்றில் இருக்கும் ஓட்டு வீட்டை அந்தத் தெருக்காரரைத் தவிர வேறு யார் வாங்குவார்? அவரோ, பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு உள்ளே இருக்கும்போது ஏலம் கேட்கக் கூசுவார். உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையில், ஆள் குடியிருக்கும் வீட்டை வெளியூர்க்காரரும் தொடமாட்டார். ஏலம் கேட்க ஆள் இல்லாமல் திரும்பும் வீடு அடுத்த முறை குறைந்த விலையில் வரும். ஒவ்வொரு முறையும் வங்கிக்குச் செலவு, அது கடன்தாரர் கணக்கில் ஏறும்.

விற்ற தொகையில் கடனும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது. எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். குறைந்தால் மீதிக்கு வங்கி தீர்ப்பாயத்தில் தொடரலாம், ஜாமீன்தாரரையும் விடாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் வீட்டைக் கொடுத்துவிட்டால் கடனும் தீர்ந்தது என்ற ஏற்பாடு உண்டு. இங்கே அது இல்லை. ஏலத்துக்கு முன்பே கடனை முழுவதும் அடைத்தவர்களுக்கு, மூலப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.