தோட்டாவும் தோட்டமும்



துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பொதுமக்களுக்கு எவ்வளவுக்கு இருத்தல் வேண்டும் என்பது உலகில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. அவ்வழக்கினுள்ளே இன்னொரு வினா அடங்கிக் கிடக்கின்றது. எல்லா வகைத் தோட்டாக்களையும் மக்கள் சட்டப்படி வைத்திருக்க இடமளிக்கலாமா என்பதே அவ்வினா. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். ஆகவே இதனையே மூல வினா என்றுகூடச் சொல்லலாம். பசறையையும் அதனைச் சூழ்ந்த ஊவா மலைத்தோட்டங்களையும் கண்முன் வைத்து இதனை இன்று ஆராய்வோம்.

முதற்கண் தோட்டா என்பது யாது எனக் காண்போம். ஒரு சிறு கூடு, அதன் அடியில் தட்டியதும் தீப்பொறி கக்கும் மூடி, அதன்மேல் வெடிமருந்து, அதற்கும்மேல் ஓர் அடைப்பு, உச்சியில் ஈயச் சன்னங்கள் அல்லது ஒற்றைக் குண்டு. நம் நாட்டுக் கமக்காரரிடம் பெரிதும் காணப்படுவது 12 போர் எனப்படும் வேட்டைத் துப்பாக்கி. அதன் குழாய்க்குள் சரியாக அடங்கும் ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறையாகும் என்பதனால் வந்த பெயர் அது.

அந்த ஒரே துப்பாக்கியில் இடும் தோட்டாக்களும் ஒரே தன்மையுடையன அல்ல. பறவைக்குரிய தோட்டாவில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு சன்னங்கள் இருக்கும். அவை விரைவில் பரந்து, ஐம்பது யார் தூரத்தைத் தாண்டுமுன் வலிமையிற் பெரும்பகுதியை இழந்துவிடும். பன்றிக்குரிய எஸ்.ஜி. தோட்டாவில் எட்டோ ஒன்பதோ பெருஞ் சன்னங்கள் மட்டுமே உண்டு. அவை அதனினும் வெகுதூரம் உயிர்கொல்லும் ஆற்றலோடு செல்வன. ரைபிளின் ஒற்றைக் குண்டோ ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்ல வல்லது. இவற்றுக்கும் மேலாகப் போர்க்களத்துக்கென்றே செய்யப்பட்ட கவசந்துளைக்கும் குண்டுகளும் தீமூட்டும் குண்டுகளும் உள்ளன.

இவ்வேற்றுமை மலைநாட்டில் உயிர்ப்பிரச்சினை ஆகின்றது. சமவெளியில் நின்று பன்றியை நோக்கிக் கீழ்முகமாகச் சுடுபவனின் குண்டு, குறி தவறினால் மண்ணிற் புதையும். நமுனுகுல மலைச்சாரலில் நிலைமை வேறு. இந்தச் சரிவில் பன்றி. அடுத்த சரிவில் லயம். இடையே பள்ளத்தாக்கின் வெற்றுவெளி. மேல்நோக்கிச் சுட்ட ரைபிள் குண்டு எங்கே போய் விழும் என்பதைச் சுட்டவனும் அறியான். கொழுந்து பறிக்கும் பெண்களும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் நடமாடும் மலையில், "நான் நல்லவன், ஆகவே எந்தத் தோட்டாவும் என்னிடம் இருக்கலாம்" என்று ஒருவர் கூறுவது போதுமான விடையாகாது. அவர் நல்லவராகவே இருக்கலாம்; குண்டுக்கு அவர் குணம் தெரியாது.

ஊவாவின் வரலாறும் இவ்விடயத்தில் நமக்குச் சில பாடங்களைத் தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறுவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். கேட்பாரற்ற கையில் அளவற்ற வெடிமருந்து சேர்ந்தால் ஒரு காடு எத்தன்மைத்தாகும் என்பதற்கு அவர் பெயரே சான்று.

பின்னர் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் வந்தது. துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும் என்னும் முறை பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. வெடிமருந்துக்கெனத் தனியாக 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டமும் உண்டு.

1971 ஏப்ரல் 5 ஆம் நாள் அதிகாலையில் இதே ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. அவ்வாண்டுக் கிளர்ச்சியின் முதல் தாக்குதல் அதுவே. கிளர்ச்சியாளர் கையில் இருந்தவை பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கிகளும் கையாற் செய்த குண்டுகளுமே. அக்காலத்திலும், மீண்டும் 1987 முதல் 1989 வரையிலும், கிராமத்தவர் பயிர்காக்க வைத்திருந்த துப்பாக்கிகள் வீடு வீடாகப் பறித்துச் செல்லப்பட்டன. வீட்டிலுள்ள ஆயுதம் என்றும் வீட்டுக்காரனுக்கே உரியதாய் இருக்கும் என்று எண்ணுதல் பேதைமை என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தும். பறிபோனவை சில பறவைத் தோட்டாக்களா, பெட்டி பெட்டியாகப் போர்க்குண்டுகளா என்பதைப் பொறுத்தே அடுத்து வரும் அழிவின் அளவு அமைகின்றது.

இனி மறுபக்க நியாயத்தையும் கேட்டல் முறை. "பன்றி என் மரவள்ளியையும் கிழங்கையும் ஓரிரவில் உழுதுவிட்டுப் போகின்றது. துப்பாக்கி எனக்கு விளையாட்டுப் பொருளன்று, மண்வெட்டியைப் போன்ற கருவி" என்கின்றான் கமக்காரன். இது மறுக்கவொண்ணாத உண்மை. காட்டுப்பன்றி நம் நாட்டில் பாதுகாக்கப்பட்ட விலங்குமன்று. மேலும், சட்டம் தடுத்ததெல்லாம் மறைந்துவிடுவதில்லை. நேர்வழி அடைபட்டால் குறுக்குவழி திறந்துகொள்ளும்.

அக்குறுக்குவழியின் பெயர்தான் கட்டுத்துவக்கு. ஒரு குழாய், கையால் அடைத்த மருந்து, கிடைத்த இரும்புத்துண்டு, பாதையின் குறுக்கே ஒரு கம்பி. இதற்கு அனுமதிப்பத்திரமும் இல்லை, சுடுபவனும் இல்லை. பன்றியின் உடலைக் குறிவைத்துக் கட்டிய கம்பி, மனிதனுக்கு முழங்கால் உயரத்தில் நிற்கின்றது. விறகு பொறுக்கச் சென்றவரும், விடியற்காலையில் ஒற்றையடிப் பாதையில் நடந்தவரும் காலை இழந்தும் குருதி பெருகி உயிரை இழந்தும் இருக்கின்றனர். பசறையிலிருந்து கிழக்கே இறங்கும் வீதிகள் பிபிலைக்கும் மொனராகலைக்கும் செல்வன. யானைகள் வாழும் அந்நிலங்களில் இன்னொரு கொடுமையும் உண்டு. பழத்துள்ளும் காயுள்ளும் மறைத்துவைக்கும் வாய்வெடியைச் சிங்களத்தில் ஹக்கபட்டாஸ் என்பர். பன்றிக்கென வைத்ததை யானைக்கன்று கடித்துத் தாடை சிதைந்து, உண்ண முடியாமல் நாட்கணக்கிற் கிடந்து மடிகின்றது. கடையில் விற்கும் தோட்டாவுக்கு எண்ணிக்கை உண்டு, வாங்கியவர் பெயர் உண்டு. இவற்றுக்கு இரண்டும் இல்லை.

தோட்டத் தொழிலாளரின் நிலையை இங்கே தனியாகக் குறிப்பிடல் தகும். பயிர்காக்கத் துப்பாக்கி கேட்பவர் தம் காணியைக் காட்டியாதல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக மலையைக் கொத்தியவர்களுக்குக் காட்டக் காணி ஏது? 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. எனினும் லயத்தின் பின்புறத்து மரக்கறிப் பாத்தி, பயிரிட்டவர் பெயரில் எழுதப்படாமலே பெரும்பாலும் இருந்துவருகின்றது. ஆதலின் சட்டப்படியான தோட்டா அவர்களுக்கு எட்டாத பொருள். சட்டவிரோதமான கம்பியோ அவர்கள் நடக்கும் பாதையிலேயே கட்டப்படுகின்றது. உரிமையில் பங்கில்லை, ஆபத்தில் மட்டும் பங்குண்டு என்னும் இந்நிலை நீதியாகுமா?

பிற நாடுகள் இவ்வினாவை எவ்வாறு தீர்த்துள்ளன என்று சிறிது நோக்குவோம். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலத் தொழிற்சாலையில், உடலினுள்ளே சென்று விரியும் குண்டொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாயிற்று. அத்தகைய குண்டுகளைப் போரில் வழங்கலாகாது என 1899 இல் ஹேக் நகரிற் கூடிய நாடுகள் பிரகடனம் செய்தன. அதே விரியும் குண்டை வேட்டையில் விலங்கை விரைவாக வீழ்த்துவதற்குப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. எனவே ஒரு தோட்டாவின் நன்மை தீமை அதன் உருவத்தில் மட்டும் இல்லை. அது செய்யும் பணியிலும் செய்யும் இடத்திலும் இருக்கின்றது.

பிரித்தானியச் சட்டம் சிறு சன்னத் தோட்டாவை ஒரு வகையாகவும், ரைபிள் குண்டைக் கடும் அனுமதிக்குரிய வேறு வகையாகவும், கவசந்துளைப்பனவற்றையும் தீமூட்டுவனவற்றையும் விலக்கப்பட்ட வகையாகவும் பிரிக்கின்றது. ஆயுத உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த அமெரிக்காவும், கைத்துப்பாக்கியில் இடத்தக்க கவசந்துளைக்கும் குண்டுகளைப் பொதுச் சந்தைக்கென ஆக்குவதையும் இறக்குமதி செய்வதையும் 1986 இல் தடுத்தது. படைவீரர் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் சுவிற்சர்லாந்து, அதற்குரிய தோட்டாக்களை வீட்டில் வைக்கும் வழக்கத்தை 2007 இல் நிறுத்த முடிவு செய்தது. உரிமையை மிகுதியாக மதிப்பவர்களும் தோட்டாவுக்கு ஓர் எல்லை வகுத்திருக்கின்றனர் என்பது இவற்றால் விளங்கும்.

ஆகவே நாம் எய்தும் முடிவு இது. எல்லா வகைத் தோட்டாக்களும் பொதுமக்கள் கையில் இருத்தல் தகாது. போர்க்களத்துக்குரியவை போர்ப்படையோடு நிற்றல் வேண்டும். மலைச்சரிவில் மைல்தூரம் பாயும் குண்டுக்குப் பயிர்க்காவலில் இடமில்லை. ஆயின் பன்றியை விரட்டவும் வீழ்த்தவும் போதுமான தோட்டா, அளவோடு, கணக்கோடு, உரியவனுக்குக் காலத்தில் கிடைத்தல் வேண்டும். மாவட்டச் செயலகத்துக்கு நாலைந்து முறை நடந்தும் அது கிட்டாதெனின், அவன் கை கம்பியைத் தேடும். தனித்தனியே காணி இல்லாதார்க்கு, தோட்டமும் கிராமமும் சேர்ந்து பொறுப்பான சிலரைக் காவலுக்கு நியமித்து, அவர்கள் பெயரில் அனுமதி பெறும் முறையும் ஆராயத்தக்கது. வேலியும், அழிந்த பயிருக்கு நட்டஈடும் இதனோடு சேர்ந்தால், வெடிக்கும் தேவை தானே குறையும்.

எண்ணி வழங்கும் தோட்டாவைச் சட்டம் எண்ணிக்கொண்டே இருக்கலாம். எண்ண முடியாத வெடியைப் பிறப்பிக்காதிருப்பதே சட்டத்தின் அறிவுடைமை. வெயிலேறுமுன் மலைக்குப் புறப்படும் தொழிலாளி தன் பாதையில் அச்சமின்றி அடியெடுத்து வைக்கின்றாளா என்பதைக் கொண்டே, இவ்விடயத்தில் நாம் இயற்றும் எந்த விதியையும் அளந்தறிதல் வேண்டும்.