படத்தில் பட்டு, பார்சலில் பாலியஸ்டர்... ரிட்டர்ன் கூரியர் செலவு யாருடையது?

‘ப்யூர் சில்க், மயில் கழுத்து கலர், 4,800 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. பணம் அனுப்பியாகிவிட்டது. நாலாம் நாள் பார்சலைப் பிரித்தால், தொட்ட விரலுக்கே சந்தேகம். ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை இல்லை. பிளாஸ்டிக் போல உருகி உருண்டையாக நிற்கிறது. விற்றவரிடம் கேட்டால், ‘‘அனுப்பி வைங்க சிஸ்டர், பார்த்துட்டு ரீஃபண்ட் பண்றோம். கூரியர் சார்ஜ் உங்களுது’’ என்று பதில்.

நூற்றைம்பது ரூபாய்க்குச் சண்டை எதற்கு என்று புடவையை பீரோவில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால், பிரச்னை அந்த நூற்றைம்பது மட்டுமல்ல, 4,800-ம் சேர்த்துத்தான்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 ஜூலையில் வந்தன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்ப எடுக்கவோ, பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன அவை. திருப்பி அனுப்பும் செலவு எவ்வளவு என்பதையும் வாங்குபவருக்குப் புரியும்படி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ‘அந்தச் செலவை விற்பவரே ஏற்க வேண்டும்’ என்று நேரடியாக ஒரு வரி இல்லாததுதான் சிக்கல். பிரிட்டனில் 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இதில் தெளிவு. சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி அனுப்பும் நியாயமான செலவு அங்கே வியாபாரியின் தலையில்.

இன்ஸ்டாகிராமில் விற்பவர்களுக்கு இதெல்லாம் உண்டா? தொடர்ந்து தொழிலாகச் செய்தால், உண்டு. என்றோ ஒருநாள் தன் பழைய மிக்ஸியை விற்பவருக்கு இந்த விதிகள் இல்லை.

விற்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வீட்டிலிருந்தே புடவை விற்கும் பெண்களுக்கு, கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு ‘பிடிக்கலை’ என்று திரும்பி வரும் பார்சல் பெரிய தலைவலி. பிடிக்கவில்லை என்பது வேறு, சொன்னது இல்லை என்பது வேறு. முன்னதற்கு வாங்கியவர் கூரியர் கட்டுவதில் தவறில்லை. கலர் விவகாரம் இரண்டுக்கும் நடுவில் கிடந்து இழுபடும். போன் திரையில் கொஞ்சம் மாறித் தெரிவது சகஜம்தான். அதற்காகப் பச்சை நீலமாகிவிடாது!

அதனால் பணம் அனுப்புமுன்பே, ‘சொன்னபடி இல்லைன்னா ரிட்டர்ன் கூரியர் யார் கட்டணும்?’ என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். ‘ப்யூர் சில்க்’ என்று எழுதிய பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அது காணாமல் போகலாம். பட்டு என்றால் சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். சந்தேகம் தீரும்வரை ஃபால்ஸ் அடிக்கவோ, ஜாக்கெட் துணியை வெட்டவோ வேண்டாம்.

பெரிய தளத்தில் வாங்கியிருந்தால், அங்குள்ள குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாதவர்கள் மீது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. புடவை விலையோடு, திருப்பி அனுப்பிய கூரியர் செலவையும் மனுவில் கேளுங்கள். ரசீது பத்திரம்.