தள்ளுபடிக்காகச் சேர்ந்தாங்க... சட்டத்துக்காக விலகினாங்க!

அமெரிக்காவில் 50 வயதைத் தொட்டாலே, 'ஏ.ஏ.ஆர்.பி' சங்கத்தில் சேரச் சொல்லி வீட்டுக்கே கடிதம் வந்துடும். ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர் எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் 1958-ல் தொடங்கியது இது. ஹோட்டல் தள்ளுபடி, இன்ஷூரன்ஸ், பத்திரிகைன்னு சலுகைகள் ஏராளம். கூடவே, வாஷிங்டனில் முதியோர் சார்பாகப் பேசுறதும் இந்தச் சங்கம்தான். சிக்கலே அங்கதான்!

1988-ல், பெரிய மருத்துவச் செலவுகளைச் சமாளிக்க ஒரு சட்டம் வந்தது. சங்கம் ஆதரிச்சது. ஆனா செலவை முதியோரே ஏற்கணும். வசதியானவங்க வருஷத்துக்கு 800 டாலர் வரை கூடுதலா கட்டணும். பலருக்கு இந்தப் பாதுகாப்பு பழைய கம்பெனி மூலமா ஏற்கெனவே இருந்தது. 'எங்களைக் கேட்டீங்களா?'ன்னு கொதிச்சாங்க. 1989 ஆகஸ்ட்டில், சிகாகோவில் எம்.பி ரோஸ்டென்கோவ்ஸ்கியின் காரையே மறிச்சாங்க. அதே வருஷம் சட்டம் வாபஸ்!

2009-ல் ஒபாமாவின் சுகாதாரச் சீர்திருத்தத்தின்போதும் இதே கதை. 65 வயதைத் தாண்டியவங்களுக்கு 'மெடிகேர்' காப்பீடு ஏற்கெனவே உண்டு. 'அந்தக் காசை எடுத்து மத்தவங்களுக்குக் கொடுப்பாங்களோ?' என்ற பயம். ஒன்றரை மாசத்தில் சுமார் 60,000 பேர் விலகினாங்க. கிட்டத்தட்ட 4 கோடி உறுப்பினர்கள் உள்ள சங்கத்துக்கு இது சின்ன எண்ணிக்கைதான். ஆனா, மருந்துச் செலவுக்கான காப்பீட்டில் இருந்த பெரிய இடைவெளியைக் குறைச்சதும் அதே சட்டம்தான்.

விஷயம் இதுதான் மக்களே... கார்டு வாங்கும்போது சலுகையை மட்டும் பார்க்கிறோம். நம்ம பேர்ல அந்தச் சங்கம் என்ன பேசுதுன்னும் பார்க்கணும்!