எரிபொருளும் இயந்திரத் தட்டொலியும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலே சிறிது நேரம் நின்று நோக்குவோமாயின், மூவகை இயந்திரங்களை ஒருங்கே காணலாம். வீதியால் வரும் மோட்டார்ச் சைக்கிள் பெற்றோலில் ஓடுகின்றது. மீனவர் படகின் புறத்தே பூட்டிய இயந்திரம் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகோ டீசலில் ஓடுகின்றது. ஒன்றின் உணவு மற்றொன்றுக்கு ஒவ்வாமை ஏன்?

பெற்றோல் இயந்திரத்தின் உருளையுள் எரிபொருளாவியும் வளியும் கலந்த கலவை அமுக்கப்பட்டபின், மின்பொறி அதனைக் கொளுத்துகின்றது. தீ பொறியருகே தொடங்கி ஒழுங்காகப் பரவுதல் வேண்டும். ஆயின், அது சென்றடையுமுன்னரே, கடைக்கோடியில் எஞ்சிய கலவை அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானே தீப்பற்றுதல் உண்டு. அப்பொழுது எழும் அதிர்ச்சியே தட்டொலியாக நம் செவிக்கு எட்டுகின்றது. அது நீடிப்பின் ஆடுதண்டு பழுதுறும்.

இத்தட்டொலியை எதிர்க்கும் ஆற்றலின் அளவே ஒக்ரேன் எண்ணாகும். எளிதில் தட்டொலி எழுப்பும் ஹெப்ரேனுக்கு 0 எனவும், அதனை நன்கு எதிர்க்கும் ஐசோ ஒக்ரேனுக்கு 100 எனவும் வகுத்துள்ளனர். 95 பங்கு ஐசோ ஒக்ரேனும் 5 பங்கு ஹெப்ரேனும் சேர்ந்த கலவைக்கு நிகராக எதிர்ப்பது 95 ஒக்ரேன் பெற்றோல்.

மண்ணெண்ணெயின் எண்ணோ மிகத் தாழ்ந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. மக்கள் சில துளி பெற்றோலால் இயந்திரத்தை இயக்கிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாமையே அத்துளிகள் வேண்டப்பட்டமைக்குக் காரணம். வேறு வழியின்மையாற் கையாண்ட அவ்வுபாயத்தின் விலை, தட்டொலியும் புகையும் இயந்திரத் தேய்வுமாகும். மண்ணெண்ணெய்க்கென ஆக்கப்பட்ட படகியந்திரமோ குறைந்த அமுக்கமுடையதாதலின் இடருறாது. டீசல் இயந்திரத்தில் மின்பொறியே இல்லை; அமுக்கத்தால் எரிபொருள் தானே தீப்பற்றுதலே அங்கு வேண்டப்படுவது. ஓரிடத்துக் குற்றம் மற்றோரிடத்துக் குணமாதல் காண்க.

இன்று இலங்கையில் 92, 95 ஒக்ரேன் பெற்றோல்கள் பொதுவாக விற்கப்படுகின்றன. விலை கூடியது வலுவும் கூடியது எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. எண் குறிப்பது தாங்குந்திறனையே, வெப்பப் பெறுமானத்தையன்று. 92 போதுமென ஆக்கியோர் குறித்த வண்டிக்கு 95 வார்ப்பது வீண்செலவு. 95 வேண்டும் வண்டிக்கு 92 வார்ப்பது சிக்கனமுமன்று. ஆதலின், கைந்நூல் கூறும் எண்ணை அறிந்து வாங்குதலே அறிவுடைமையாம்.