வண்டித் தளமும் விளைபொருளின் சுத்தமும்

சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர் மார்க்கமாகச் செல்லும் பெருஞ்சாலையில் அயோத்தியாப்பட்டணம் அமைந்துள்ளது. இதனைச் சுற்றியுள்ள கிராமங்களில் முன்னர் மாட்டு வண்டி செய்துவந்த வேலையை இப்பொழுது பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லரும் சிறு சரக்கு வண்டியும் செய்கின்றன. காலையில் உர மூட்டைகளையும் பூச்சிமருந்தையும் ஏற்றிவந்த வண்டியிலேயே மாலையில் மரவள்ளிக் கிழங்கோ, தக்காளியோ, மாட்டுக்குரிய புண்ணாக்கோ ஏற்றப்படுகிறது. சரக்கு மாறுகிறது, தளம் மாறுவதில்லை. முதற் சரக்கிலிருந்து சிந்தியது அடுத்த சரக்கில் சேராதபடி காப்பது எவ்வாறு என்பது இங்கு விளக்கப்படுகிறது.

சிந்திய நஞ்சினால் விளைந்த தீங்கு

இது அற்பக் காரியமென்று எண்ணலாகாது. 1958-ம் வருஷம் கேரளத்திற்குக் கப்பலில் வந்த கோதுமை மாவு மூட்டைகளில், உடன் ஏற்றப்பட்டிருந்த பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கசிந்து கலந்துவிட்டது. அம்மாவினால் செய்த உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். மாவு சமைக்கப்பட்ட பின்னரும் நஞ்சின் வேகம் அடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இவ்விபத்திற்குப் பின்னரே 1968-ம் வருஷத்தில் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. பூச்சிக்கொல்லி மருந்து உணவுப் பொருளையும் கால்நடைத் தீவனத்தையும் தொடும்படி ஏற்றிச் செல்லவோ, சேமித்து வைக்கவோ கூடாதென்று 1971-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. பாரத்தியான் பின்னர் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எனினும் இன்று கையாளப்படும் மருந்துகளிலும் கொடிய நஞ்சுள்ளவை பல உண்டு.

தளத்திற்கு விரிப்பு

சுலபமான பாதுகாப்பு, கனத்த தார்ப்பாய் விரிப்பேயாகும். தளத்தின் அளவுக்கே வெட்டிய பாய் போதாது. சிந்தியது ஓரங்களில் வழிந்து பலகை இடுக்குகளில் இறங்கிவிடும். பத்தடி நீளமும் ஆறடி அகலமும் இரண்டடிப் பக்கச் சுவரும் உள்ள டிரெய்லருக்கு, பதினான்கடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள பாய் வேண்டும். அப்பொழுது நான்கு பக்கங்களிலும் இரண்டடி மேலேறி, பாய் ஒரு தொட்டியைப் போல் அமையும்.

பாய்கள் இரண்டு வைத்திருத்தல் நலம். ஒன்று உரத்திற்கும் மருந்துக்கும். மற்றொன்று விளைபொருளுக்கும் தீவனத்திற்கும். முதலாவதில் சிவப்புச் சாயத்தால் பெரிய அடையாளம் இட்டு, தனி இடத்தில் மடித்து வைக்க வேண்டும். அதனைப் புரட்டிப் போட்டுக் களத்தில் தானியம் உலர்த்துவது பெருந் தவறு.

மருந்துப் புட்டிகளை விரிப்பின்மேல் அப்படியே வைக்காமல், விளிம்புள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நிமிர்த்தி வைத்து, அசையாதபடி கட்ட வேண்டும். மூடிகளை ஏற்றுமுன் பரிசோதிக்க வேண்டும். மருந்து செல்லும் நடையில் ஆட்களையோ, விதையையோ, தவிட்டையோ, பருத்திக்கொட்டையையோ உடன் ஏற்றலாகாது.

உரமும் துருவும்

பொட்டாஷ் முதலிய உரங்கள் ஈரத்துடன் சேர்ந்தால் இரும்புத் தகட்டை அரிக்கும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தளத்தில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஆகையால் உரம் இறக்கிய அன்றே தளத்தை முதலில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி, பின்பு நீர் விட்டுக் கழுவி வெயிலில் உலரவிட வேண்டும். மூலைகளிலும் கதவின் கீலடியிலும் மண் தங்கினால் ஈரம் நிலைத்துத் துரு பிடிக்கும். சாயம் உதிர்ந்த இடங்களைச் சுரண்டித் துருத்தடுப்புச் சாயம் பூசி வைத்தால் தகடு நெடுநாள் உழைக்கும்.

மண்ணும் தூசியும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் குச்சிக் கிழங்கு என வழங்கும் மரவள்ளி, ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஏராளமாகச் செல்கிறது. ஜவ்வரிசிக்கு மதிப்பு அதன் வெண்மையினால் ஏற்படுவது. கிழங்கில் ஒட்டிய மண்ணை வயலிலேயே உதறிவிட்டு ஏற்றினால், மண்ணுக்கு வண்டிக்கூலி கொடுக்கும் நஷ்டமில்லை; தளமும் சேறாகாது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் கெடத் தொடங்குமாதலால், வண்டியை முந்தின நாளே கழுவி ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். பாரத்தின்மேல் மூடுபாய் கட்டினால் சாலைத் தூசி படியாது. கிழங்கும் மண்ணும் சாலையில் விழுந்து பின்வருவோருக்கு விபத்து உண்டாக்குவதும் தவிர்க்கப்படும்.

மருந்து சிந்திவிட்டால்

வண்டியை உடனே நிறுத்தி, மனிதரையும் கால்நடைகளையும் விலக்க வேண்டும். எடுத்தவுடன் நீர் ஊற்றக்கூடாது. நஞ்சு பரவி இடுக்குகளில் புகும். ரப்பர் கையுறை அணிந்து, உலர்ந்த மணலையோ மரத்தூளையோ தூவி உறிஞ்சச் செய்து, வாரித் தனிக் கலத்தில் சேர்க்க வேண்டும். அதன் பின்னரே சோப்பு நீரால் கழுவலாம். கழுவிய நீர் கிணறு, ஏரி, வாய்க்கால் எதிலும் சேரக்கூடாது. மரப்பலகை மருந்தை உட்கொண்டுவிட்டால் கழுவிப் பயனில்லை. பலகையை மாற்றுவதே உசிதம். நனைந்த வைக்கோலை மாட்டுக்குப் போடலாகாது. உடம்பில் பட்டால் உடையைக் களைந்து சோப்பிட்டுக் குளித்து, மருந்தின் பெயர்ச்சீட்டுடன் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

மருந்து கலந்த உணவுப் பொருளையும் தீவனத்தையும், உரிய அதிகாரிகள் பரிசோதிக்காமல் விற்பனைக்கு விடக்கூடாதென்பதும், கசிவு நேர்ந்தால் தீங்கைத் தடுப்பது ஏற்றிச் செல்பவர் பொறுப்பு என்பதும் மேற்படி விதிகளில் அடங்கியவை. சல்லடையில் சலித்தோ, வெயிலில் காயவைத்தோ அத்தகைய தானியத்தைச் சுத்தமாக்கிவிட முடியாது. இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது கிராம நிர்வாக அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் செய்யத்தக்க உதவியாகும். வாடகை வண்டியில் முன் ஏறிய சரக்கு இன்னதென்று சொந்தக்காரருக்கன்றிப் பிறர்க்குத் தெரியாது. ஆதலால் விளைபொருளையும் தீவனத்தையும் ஏற்றுமுன் அதனை விசாரித்து, தளத்தைக் கண்ணால் பார்த்து, சந்தேகமிருந்தால் கழுவச் செய்வதை ஒவ்வொரு குடியானவரும் வழக்கமாகக் கொள்ள வேண்டும். அதற்குச் செலவாகும் நேரம் அரை மணிக்கு மேற்படாது.