அவிழும் முடிச்சு, அவிழாத முடிச்சு

கல்யாண மாதங்களில் என் வானொலி நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளில் மொய்ப் பேச்சு கட்டாயம் இருக்கும். 100 வெள்ளி வைத்தால் போதாது, இன்னொரு வெள்ளி சேர்த்து 101 ஆக்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் கணக்கு.

ஜப்பானியர்களிடமும் இப்படி ஒரு கணக்கு உண்டு. திருமணத்துக்குப் பெரும்பாலும் 30,000 யென் வைப்பார்கள்; 10,000 யென் தாள்கள் மூன்று. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. தம்பதியும் பிரியக்கூடாது என்பதே எண்ணம். தாள்கள் புத்தம் புதியதாக இருக்க வேண்டும். துக்க வீட்டுக்கு மட்டும் புதுத் தாள் ஆகாது. மரணத்தை எதிர்பார்த்துத் தயாராக வைத்திருந்ததுபோல் ஆகிவிடும்.

அந்த உறையின் மேல் கட்டும் கயிறுதான் 'மிசுஹிகி'. ஜப்பானியக் கைத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, முறுக்கி, பசை பூசிக் காயவைப்பார்கள். கயிறு விறைப்பாகி, வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும்.

உறையில் எழுதியதைப் படிக்கும் முன்பே முடிச்சு பேசிவிடும். குழந்தை பிறந்தால், பிள்ளை பள்ளியில் சேர்ந்தால் 'சோ முசுபி', அதாவது வண்ணத்துப்பூச்சி முடிச்சு. சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் இருக்கும். இழுத்தால் அவிழும், மறுபடி கட்டலாம். இந்த மகிழ்ச்சி திரும்பத் திரும்ப வரட்டும் என்று பொருள்.

திருமணத்துக்கு 'முசுபி கிரி'. இழுத்தால் இன்னும் இறுகும், அவிழாது. நோயிலிருந்து தேறியவருக்கும், துக்க வீட்டுக்கும் இதே வகை முடிச்சுதான். அது மறுபடி நேரக்கூடாதல்லவா! வேறுபாட்டை நிறம் சொல்லும். சுபத்துக்குச் சிவப்பும் வெள்ளையும், துக்கத்துக்குப் பொதுவாகக் கறுப்பும் வெள்ளையும்.

இந்தக் கயிற்றுக்குப் பெயர்போன ஊர் நாகானோ மாநிலத்தின் ஈடா. குடுமி கட்டும் காகிதக் கயிறுதான் அங்கே முன்பு பெரிய தொழில். 1871இல் மெய்ஜி அரசு, முடியை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்றது. குடுமிகள் மறைய, கைவினைஞர்கள் மிசுஹிகிக்கு மாறினார்கள். சுமோ வீரர்களின் கொண்டைக்கு இன்றும் அந்தக் காகிதக் கயிறு வேண்டும். இளைய தலைமுறையோ மிசுஹிகியில் தோடும் கொண்டை ஊசியும் செய்கிறது.

முடிச்சின் அருமை நமக்குத் தெரியாததல்ல. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூக்கட்டுபவரின் விரல்களைக் கவனியுங்கள். மல்லிகை நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது. அந்த இறுக்கம் அவர் கைக்குத்தான் தெரியும். தாலிக்கும் நாம் மூன்று முடிச்சுதானே போடுகிறோம்!

ஷா ஆலாமில் ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளையோரே, உடன் பணிபுரியும் ஜப்பானியருக்குத் திருமணமென்றால், அழகாக இருக்கிறதே என்று வண்ணத்துப்பூச்சி முடிச்சுள்ள உறையை எடுத்துவிடாதீர்கள். இன்னொரு கல்யாணமும் நடக்கட்டும் என்று வாழ்த்தியதாகிவிடும். முடிச்சின் நுனியைப் பாருங்கள். இழுத்தால் அவிழும் என்று தோன்றினால், அதைக் குழந்தை பிறந்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.