பருத்தி விலையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும்

குற்றாலச் சாரலில் பாவு காயாமல் தறிகள் ஓய்ந்திருக்கும் நாட்களில், தென்காசி வட்டாரச் சங்கக் கூட்டங்களில் நாம் இரு குரல்களைக் கேட்கிறோம். நூல் விலை இறங்க வேண்டும் என்பார் நெசவாளர். பருத்தி விலை ஏற வேண்டும் என்பார் சங்கரன்கோவில் கரிசல் விவசாயி. ஆனால் அவ்விலை நம் சந்தையில் மட்டும் நிர்ணயமாவதன்று.

பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகள் 2003-ஆம் ஆண்டில், ஜெனீவாவிலுள்ள உலக வர்த்தக ஸ்தாபனத்தில் கூட்டாக முறையிட்டன. செல்வ நாடுகள் தம் பருத்தி விவசாயிகளுக்குப் பெரும் மானியம் அளிக்கின்றன. ஆதலால் விலை வீழினும் அங்கே விளைச்சல் குறைவதில்லை. சரக்கு மிகுந்து உலக விலை சரிய, மானியமற்ற சிறு விவசாயியே நஷ்டமடைகிறான் என்பது அதன் சாரம்.

2015-இல் நைரோபி மாநாடு பருத்தி ஏற்றுமதி மானியங்களை ஒழிக்கத் தீர்மானித்தது. பெரும்பகுதியான உள்நாட்டு மானியம் பற்றி அங்கு முடிவு ஏற்படவில்லை. இந்நாடுகளின் முயற்சியால் 2019 அக்டோபர் 7 அன்று ஜெனீவாவில் முதல் உலகப் பருத்தி தினம் நடைபெற்றது.

பஞ்சு மலிந்தால் நெசவாளருக்கு லாபமன்றோ எனலாம். நஷ்டப்பட்ட விவசாயி பருத்தியைக் கைவிட்டால், பஞ்சு அருகி நூல் விலை மீண்டும் ஏறும். ஆகவே இரு குரல்களும் ஒரே தீர்மானத்தில் அமைவதே நலம். அந்நான்கு நாடுகளும் கூடி எழுப்பியதனாலேயே அவற்றின் குரல் சபையேறியது.